ஊர் சுமக்கும் பழி



புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் எனக்கு வேண்டிய குடும்பம் ஒன்று இருக்கிறது. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். அம்மா உரம் போடப் போய்க்கொண்டிருந்தவர். முழங்கால் வலி வந்து நின்றுவிட்டார். மூத்த பெண் ஐந்தாம் படிவம் முடித்துக் கணக்கு எழுதப் படித்தவள். போன ஆண்டு கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை வந்து சேரும்படி கடிதமும் வந்துவிட்டது.

அவள் போகவில்லை. வீட்டில் விடவில்லை.

நான் போயிருந்தபோது அந்தத் தாய் சொன்னார்: "கிள்ளானுக்கா அனுப்பச் சொல்றீங்க, அண்ணே? அங்க பட்டப்பகல்ல பஸ் ஸ்டாப்ல நின்ன பொம்பளப் பிள்ளையைக் குத்திப் போட்டுட்டானுங்களாம். வயசுப் பிள்ளையை அங்க அனுப்பிட்டு நான் எப்படி ராத்திரி தூங்குவேன்?"

"யாரம்மா சொன்னது?" என்று கேட்டேன்.

"அடுத்த லயத்து அக்காதான். அவங்களுக்குக் கைப்பேசியில வந்துச்சாம்."

எனக்கு மனம் கேட்கவில்லை. தாயின் பயத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அடுத்த லயத்து அக்காவைப் பார்த்தேன். அவருக்குச் சொன்னது கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டும் அவருடைய அண்ணன் மகன். அவனுக்கு அனுப்பியவன் காப்பாரில் இருக்கும் ஒரு நண்பன். அந்த நண்பன் கேட்டது கிள்ளானில் கடை வைத்திருக்கும் தன் மாமாவிடம். அந்த மாமாதான் நேரில் பார்த்தவர்.

அவர் பார்த்தது இதுதான். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் ஒரு பெண்ணின் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். அந்தப் பெண் கீழே விழுந்து முழங்கையில் தோல் உரிந்தது. கடைக்காரர்கள் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அந்த அம்மாள் கிளினிக்கில் மருந்து கட்டிக்கொண்டு, போலீசில் புகார் எழுதிவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டார்.

கிள்ளானில் தோல் உரிந்தது. காப்பாருக்கு வந்தபோது அது ரத்தமாயிற்று. லோரியில் ஏறியதும் கத்தி வந்தது. லயத்து வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் பெண் செத்தே போய்விட்டாள். கறுப்பாக வாந்தி எடுத்தவனைக் காக்கை காக்கையாக வாந்தி எடுத்தான் என்று சொன்ன கதைதான்.

இந்த விவரத்தை எடுத்துக்கொண்டு நான் திரும்பிப் போவதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

வாசகர்களே, பறித்தவன் மேல் நமக்கு இரக்கம் இல்லை. வழிப்பறி நடந்தது உண்மை. அந்த அம்மாள் பட்ட வலியும் உண்மை. ஆனால் நடந்ததோடு நடக்காததையும் சேர்த்துச் சொன்னதால் நஷ்டப்பட்டது யார்? பறித்தவன் அல்லன். கதை சொன்னவரும் அல்லர். எந்தப் பாவமும் அறியாமல் தோட்டத்து வீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தன் முதல் சம்பளத்தை இழந்தாள். கிள்ளான் என்ற ஊரும் இன்னொரு வீட்டில் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டது.

ஒரு வாக்கியம் செய்த வேலை

இது லயத்து வாசலில் மட்டும் நடப்பது என்று எண்ணிவிடாதீர்கள். நாடாளும் இடத்திலும் நடந்திருக்கிறது.

1997 ஜனவரியில் சிங்கப்பூரில் பொதுத் தேர்தல் நடந்தது. செங் சான் குழுத் தொகுதியில் பாட்டாளிக் கட்சியின் சார்பில் போட்டியிட்டுத் தோற்றவர்களில் டாங் லியாங் ஹோங் என்ற வழக்கறிஞரும் ஒருவர். தேர்தல் முடிந்ததும், தம் உயிருக்கு மிரட்டல் வந்ததாகக் கூறி அவர் சிங்கப்பூரை விட்டு ஜொகூர் பாருவுக்கு வந்துவிட்டார். ஆளுங்கட்சித் தலைவர்கள் அவர் மீது அவதூறு வழக்குகள் தொடுத்தார்கள்.

அந்த வழக்கில் அப்போதைய மூத்த அமைச்சர் லீ குவான் இயூ ஒரு சத்தியப் பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்தார். உயிருக்குப் பயந்தவர் போயும் போயும் ஜொகூருக்கா போவார் என்பது அவர் வாதம். துப்பாக்கிச் சூட்டுக்கும் வழிப்பறிக்கும் கார்க் கடத்தலுக்கும் பேர்போன இடம் அது என்று அந்த வாக்குமூலத்தில் எழுதியிருந்தார்.

கவனியுங்கள். அவர் ஜொகூரைப் பற்றி ஆராய்ச்சி செய்யவில்லை. ஒரு மனிதர் சொல்வதை நம்பமுடியாது என்று காட்ட வந்தார். அதற்குக் கைக்கு எட்டிய கல்லாக ஒரு மாநிலத்தின் பெயர் கிடைத்தது. எடுத்து எறிந்தார்.

மார்ச் மாதத்தில் செய்தி வெளியே வந்ததும் மலேசியாவில் கொதிப்பு எழுந்தது. அம்னோ இளைஞர் பிரிவினர் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். லீ குவான் இயூ நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டார். அந்த வார்த்தைகளை வாக்குமூலத்திலிருந்து நீக்கவும் ஏற்பாடு செய்தார். அதன் பிறகும் சிங்கப்பூருடன் புதிய தொடர்புகளை மலேசிய அமைச்சரவை நிறுத்தி வைத்தது. ஒரே ஒரு வாக்கியத்தால் இரண்டு அரசாங்கங்களுக்கு இடையே முகம் சுளிப்பு.

அந்நாளில் ஜொகூர் பாருவில் திருட்டே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. எந்தப் பட்டணத்தில்தான் இல்லை? ஆனால் அங்கே ஆலைக்குப் போனவர்கள், சாப்பாட்டுக் கடை நடத்தியவர்கள், அதிகாலையில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பியவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! அவர்கள் யாரும் அந்த வாக்கியத்தில் இல்லை. காகிதத்தில் எழுதியதை அடித்துவிடலாம். காதில் விழுந்ததை எதைக்கொண்டு அடிப்பது?

யாருக்கு லாபம்?

ஊரைப் பற்றிப் பெரிதாக்கிச் சொல்கிறவர் எல்லாரும் கெட்டவர் அல்லர். சில சமயம் நியாயமான காரியத்துக்காகவே சொல்கிறார்கள்.

1975-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநகரம் கஜானா காலியாகிக் கடனில் தத்தளித்தது. போலீஸ்காரர்கள் உட்பட ஆயிரக்கணக்கானவர்களை வேலையிலிருந்து நிறுத்த நிர்வாகம் முடிவு செய்தது. கோபம் கொண்ட போலீஸ் தொழிற்சங்கங்களும் மற்றச் சங்கங்களும் ஒரு சிறு புத்தகம் அச்சிட்டன. அட்டையில் மண்டையோடு. 'பயங்கர நகருக்கு நல்வரவு' என்பது அதன் தலைப்பின் பொருள். மாலை 6 மணிக்கு மேல் தெருவில் இறங்காதீர்கள், நடந்து போகாதீர்கள், சுரங்க ரயிலில் ஏறாதீர்கள் என்று வெளியூர்ப் பயணிகளுக்குப் புத்திமதி சொன்னது அது. நகர நிர்வாகம் நீதிமன்றம் வரை ஓட வேண்டியதாயிற்று.

வேலை போகிறதே என்று தொழிலாளி கொதிப்பது நியாயம். தொழிற்சங்கம் கண்ட நமக்கு அது நன்றாகவே புரியும். நியூயார்க்கில் அக்காலத்தில் கொலையும் கொள்ளையும் மிகுந்திருந்ததும் பொய்யல்ல. ஆனால் அவர்கள் ஆயுதமாக எடுத்தது ஊரின் பெயரை. பயணி வராவிட்டால் முதலாளிக்கு மட்டுமா நஷ்டம்? ஹோட்டலில் படுக்கை விரிப்பவளுக்கும் டாக்சி ஓட்டுபவனுக்கும் அல்லவா முதலில் அடி விழும்?

நம் ஊரை வைத்தே எண்ணிப் பாருங்கள். கோல சிலாங்கூருக்கு மக்கள் எதற்கு வருகிறார்கள்? கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சி பார்க்க வருகிறார்கள். இருட்டிய பிறகு படகில் ஏறினால்தான் மின்மினி தெரியும். 'அந்த ஆற்றங்கரையில் இருட்டினால் ஆபத்தாம்' என்று எவனோ ஒருவன் கிளப்பிவிட்டால் போதும். அடுத்த வாரமே துடுப்புப் போடுகிறவர் சும்மா உட்கார்ந்திருப்பார். பாசிர் பெனாம்பாங்கில் மீன் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவும் பெண்ணுக்கும் வேலை குறையும்.

திருப்பூரில் நடந்தது

தமிழ்நாட்டில் 2023 மார்ச்சில் நடந்ததைச் சொல்கிறேன். திருப்பூர் பனியன் ஆலைகளில் பீகார் போன்ற வட மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் பெருந்தொகையாக வேலை செய்கிறார்கள். தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று திடீரென்று கைப்பேசிகளில் படங்கள் பரவின. ரத்தமும் அரிவாளுமாக இருந்தன அந்தப் படங்கள்.

பாவம், மொழி தெரியாத ஊரில் இருப்பவர்கள். ஊரில் இருக்கும் தாய் போனில் அழுகிறாள், 'மகனே, வந்துவிடு' என்று. பலர் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். ஹோலிப் பண்டிகைக்காக ஊருக்குப் புறப்பட்டவர்களின் கூட்டத்தையும் சேர்த்துப் படமெடுத்து, 'பாருங்கள், உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்' என்று காட்டினார்கள். பீகார் சட்டமன்றத்தில் அமளி. இரு மாநில முதலமைச்சர்களும் தொலைபேசியில் பேசினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு ஒன்று நேரில் வந்து பார்த்தது.

விசாரித்தால், அந்தப் படங்களில் சில வேறு மாநிலங்களில் எடுத்தவை. சில, வேறு எதற்கோ வேறு யாரோ அடித்துக்கொண்டவை. தமிழ்நாட்டுப் போலீசார் இந்தியிலேயே பேசித் தொழிலாளர்களுக்குத் தைரியம் சொன்னார்கள். வதந்தி பரப்பியதாகச் சிலர் மேல் வழக்கும் பதிவாயிற்று.

வயிற்றுப் பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்களின் பிள்ளைகள் நாம். ஆகவே இந்தச் செய்தி நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்க வேண்டும். இல்லாத கொலையைக் கேட்டு ஓடிய அந்தத் தொழிலாளி இழந்த கூலியை யார் கொடுத்தார்கள்?

இதில் சினிமாவுக்கும் பங்கு உண்டு. 2000-க்குப் பிறகு வந்த படங்கள் பலவற்றில் மதுரை என்றால் அரிவாள், சுமோ வண்டி, வெட்டுக் குத்து. இங்கே பிறந்து வளர்ந்து மதுரையைக் கண்ணால் பார்க்காத நம் பிள்ளைகள் அதுதான் மதுரை என்று நினைக்கிறார்கள். 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அந்த மதுரையில்தான் இருக்கிறது. ஏழைகளுக்குக் காசு வாங்காமல் கண் புரை அறுத்துப் பார்வை கொடுத்த ஊர் அது. ஆனால் பார்வை திரும்பிய பாட்டியை வைத்துச் சண்டைக் காட்சி எடுக்க முடியாதே!

ஜார்ஜ் கெர்ப்னர் என்று ஓர் அமெரிக்கப் பேராசிரியர் இருந்தார். தொலைக்காட்சியை அதிக நேரம் பார்ப்பவர்கள், உலகம் உண்மையில் இருப்பதைவிடக் கொடியது என்று நம்பிவிடுகிறார்கள் என அவர் எழுதினார். அது 1970-களில். அன்று பெட்டி வரவேற்பறையில் இருந்தது. இன்று தலையணைக்கு அடியில் இருக்கிறது.

பழி நம் மேலும் விழுந்தது

மற்ற ஊர்களைச் சொல்லிக்கொண்டே போனால் போதுமா? நமக்கே நேர்ந்ததைப் பார்ப்போம்.

2013 ஆகஸ்டில் நம் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்கள் சுமார் 40,000 பேர் என்றும், அவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்றும் சொன்னது. கேட்டதும் தலை குனிந்தோம். குனிய வேண்டியதுதான். நம் வீட்டுப் பிள்ளைகள் கெட்டுப்போயிருக்கிறார்கள் என்பதை மறைத்துப் பயனில்லை.

ஆனால் கணக்கை இன்னொரு பக்கமும் போட்டுப் பாருங்கள். அப்போது இந்நாட்டில் நாம் ஏறக்குறைய 19 லட்சம் பேர். பட்டியலில் உள்ள இந்தியர் சுமார் 29,000 பேர். நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மிச்சமுள்ள தொண்ணூற்றெட்டுப் பேர் குலை வெட்டினார்கள், பால் மரம் சீவினார்கள், லோரி ஓட்டினார்கள், பிள்ளைக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கினார்கள். 'பத்துக்கு ஏழு' என்பதை எல்லாரும் ஞாபகம் வைத்தார்கள். 'நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு' என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அதன் பிறகு வேலை கேட்டுப் போன நம் பையனை மேலும் கீழும் பார்த்தவர்கள் எந்தக் கணக்கை மனத்தில் வைத்துப் பார்த்திருப்பார்கள்?

நம்மைப் பற்றி அப்படிப் பேசும்போது நமக்கு வலிக்கிறது. அதே வாயால் நாம் கிள்ளானைப் பற்றிப் பேசலாமா? கிள்ளானில் இருப்பவர்கள் யார்? தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோதும், ரப்பர் காடு வீடமைப்புத் திட்டமாக மாறியபோதும் பெட்டி படுக்கையோடு வெளியேறிய நம் மாமனும் சித்தப்பனும்தானே பலர்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். ஊர்ப் பெயரைக் கெடுப்பதில் நம் இளைஞர்கள் சிலருக்கும் பங்கு உண்டு. குண்டர் கும்பல்களின் எண்களைச் சட்டையில் போட்டுக்கொள்வதும் வண்டியில் ஒட்டிக்கொள்வதும் 'நம்ம ஏரியா தெரியுமா?' என்று மார் தட்டுவதும் வீரம் என்று நினைக்கிறார்கள். அந்தக் கும்பலில் அவன் இல்லாமலே இருக்கலாம். வெறும் வாய்ச் சவடாலாக இருக்கலாம். ஆனால் அந்த வாய்ச் சவடாலும் ஊரின் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

ஊரின் எழுத்துப் பெயரை மாற்றுவது எளிது. போர்ட் ஸ்வெட்டன்ஹாம் 1972-இல் போர்ட் கிள்ளான் ஆயிற்று. நம் பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. 2024 பிப்ரவரி 5-ஆம் தேதி கிள்ளானுக்கு அரச மாநகர் என்ற தகுதியும் கிடைத்தது. இவற்றுக்கெல்லாம் ஓர் அரசாங்க அறிவிப்புப் போதும். ஆனால் மக்கள் வாயில் ஓர் ஊருக்கு இருக்கும் பெயரை எந்த அறிவிப்பும் மாற்றாது. அதை மாற்றுவது நீங்களும் நானும்தான்.

என்ன செய்யலாம்?

குற்றத்தை மூடி மறையுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது இதைவிடப் பெரிய தீங்கு. ஊர்ப் பெயர் கெட்டுவிடும் என்று பயந்து பெண்ணுக்கு நேர்ந்ததை மறைத்த குடும்பங்களால் எத்தனை அயோக்கியர்கள் தப்பித்திருக்கிறார்கள்! கண்ணால் கண்டால் போலீசில் சொல்லுங்கள். அவசரம் என்றால் 999-க்கு அழையுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பத்தைச் சேர்த்தால் நடந்த ஒன்றும் பொய்யாகிவிடும். நாளை உண்மையாகவே ஆபத்து வரும்போது ஒருவரும் நம்பமாட்டார்கள்.

கைப்பேசியில் ஒரு பயங்கரச் செய்தி வந்தால், அடுத்தவருக்குத் தள்ளிவிடும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். நேரில் பார்த்தவர் யார்? எந்த நாள், எந்த இடம்? போலீசில் புகார் இருக்கிறதா? இதைப் பரப்புவதால் யாருக்கு லாபம்? நான்கில் ஒன்றுக்கும் பதில் இல்லை என்றால் அது உங்களோடு நிற்கட்டும். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017-இல் 'செபெனார்ஞா' என்ற இணையத்தளத்தைத் தொடங்கியது. எது உண்மை, எது புரளி என்று அதில் பார்க்கலாம். மலாய் தெரிந்த உங்கள் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பிள்ளையைப் பட்டணத்துக்கு அனுப்பப் பயமாக இருந்தால், கேட்ட கதையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு நாள் நீங்களே கூடப் போய்ப் பாருங்கள். பஸ் எங்கே நிற்கிறது, வேலை எத்தனை மணிக்கு முடிகிறது, திரும்பும் பாதையில் விளக்கு இருக்கிறதா, பக்கத்தில் சொந்தக்காரர் வீடு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பையைச் சாலைப் பக்கமாக மாட்டாதே என்று சொல்லிக் கொடுங்கள். பயம் இருக்கட்டும், அந்தப் பயத்துக்குக் கண் இருக்கட்டும்.

புக்கிட் ரோத்தான் பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். வீட்டில் மூன்று மாதம் இருந்தாள். பிறகு காப்பாரில் ஒரு கடையில் ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் மறுபடியும் விண்ணப்பம் போட்டாள். கிடங்கு கொடுப்பதாக இருந்த சம்பளத்தைவிடக் குறைவுதான். இந்த முறை தாய் மறுக்கவில்லை. முழங்கால் வலியோடு தாமே பஸ் ஏறி, கடையையும் தெருவையும் பார்த்துவிட்டு வந்தார். வரும் வழியில் கிள்ளான் வரைக்கும் போய் ஜாலான் தெங்கு கெலானாவில் மகளுக்கு ஒரு பாவாடை சட்டையும் வாங்கி வந்திருக்கிறார்.

"கூட்டமாத்தான் இருந்துச்சு, அண்ணே. ஆனா எல்லாம் நம்ம சனங்கதான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை அடுத்த லயத்துக்கும் போகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.